மேடையும் கேமராவும்: வாசகர் கேள்வி – பதில்

நாடகமும் திரைக்கலையும் படிக்க விரும்புகிறவர்களும் அவர்களின் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். நடிப்பு, குரல், ஒலி, ஒளி என ஒவ்வொரு கேள்விக்கும் அந்தந்தத் துறையில் பயிற்சி தருபவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நாடகமோ சினிமாவோதான் படிப்பேன் என்கிறாள். முதலில் ஒரு டிகிரியை முடிக்கச் சொல்வதா, நேராகச் சேர்த்துவிடுவதா?
– ஒரு தந்தை, விருதுநகர்

பதில்: எந்த நிறுவனத்தில் சேர நினைக்கிறாள் என்று முதலில் கேளுங்கள். டிகிரி வேண்டுமா வேண்டாமா என்பது அதில் தெரிந்துவிடும்.

பிளஸ் டூ முடித்ததும் நேராகச் சேரக்கூடிய இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். 1945-ல் சென்ட்ரல் பாலிடெக்னிக்கில் ஒரு துறையாகத் தொடங்கியது. 'அடையாறு பிலிம் இன்ஸ்டிடியூட்' என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். இயக்கமும் திரைக்கதையும், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, டிஜிட்டல் இன்டர்மீடியட் (எடுத்த படத்தின் நிறத்தைக் கணினியில் சீராக்குவது), அனிமேஷன் என்று பிரிவுகள். நான்கு வருடம், பி.வி.ஏ. (காட்சிக்கலை இளங்கலை) பட்டம். அரசு நிறுவனம் என்பதால் கட்டணம் தனியார் இடங்களைவிட மிகக் குறைவு. சில தொழில்நுட்பப் பிரிவுகளுக்குப் பிளஸ் டூவில் இன்னின்ன பாடம் எடுத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. விண்ணப்பப் படிவம் வாங்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள். கடைசி நேரத்தில் தெரிந்தால் ஒரு வருடம் போய்விடும்.

நாடகத்தையே இளங்கலையாகப் படிக்க வேண்டுமென்றால் பக்கத்து மாநிலத்தில் திருச்சூர் இருக்கிறது. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் டிராமா, 1977-ல் மலையாள நாடக ஆசிரியர் ஜி. சங்கரப் பிள்ளை முன்னின்று தொடங்கியது. ஒத்திகையில் புழங்குவது மலையாளம். தமிழ்ப் பிள்ளைகள் சில மாதங்களில் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

டிகிரி முடித்தால்தான் உள்ளே விடும் இடங்கள் வேறு. தில்லியின் தேசிய நாடகப் பள்ளி, புனேயின் திரைப்படக் கல்லூரி, கொல்கத்தாவின் சத்யஜித் ரே திரைப்பட நிறுவனம் மூன்றுக்கும் பட்டம் வேண்டும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறையில் நாடகம் முதுகலைப் படிப்பு. இந்திரா பார்த்தசாரதி தலைமையில் தொடங்கிய துறை அது. மகளின் மனதில் இருப்பது இவற்றில் ஒன்றென்றால் டிகிரி வீண் இல்லை. எந்த டிகிரி என்று கேட்டால் ஒலிக்கும் கேமராவுக்கும் இயற்பியல், இயக்கத்துக்கும் எழுத்துக்கும் இலக்கியமோ வரலாறோ, அரங்க அமைப்புக்குக் கட்டடக்கலை என்று சொல்வோம். மூன்று வருடமும் கல்லூரி நாடகக் குழுவில் அவள் இருக்க வேண்டும். பட்டத்தைவிட அந்த நாடகங்களின் எண்ணிக்கைதான் பின்னால் உதவும்.

தனியார் நிறுவனம் என்றால், கட்டணத்தைக் கேட்பதற்கு முன் நான்கு விஷயம் கேளுங்கள். ஒரு மாணவர் மொத்தப் படிப்பில் எத்தனை முறை சொந்தமாகப் படம் எடுப்பார் அல்லது மேடையேறுவார்? எத்தனை பேருக்கு ஒரு கேமரா? அந்தப் படங்களின் செலவு கட்டணத்தில் அடக்கமா, தனியா? முடித்த படம் யாருக்குச் சொந்தம்? மூன்றாவது கேள்வியில்தான் நிறையக் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. கடைசி வருட டிப்ளமோ படத்துக்குத் தனியாகப் பணம் புரட்டும் நிலை வருகிறது. சுவரில் மாட்டியிருக்கும் பிரபலங்களின் படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சென்ற ஆண்டு மாணவர்கள் எடுத்த படங்களில் சுமாரானது ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பயிற்சியின் உண்மையான தரம் அதில் தெரியும்.

கேள்வி: பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவன். தேசிய நாடகப் பள்ளிக்கு விண்ணப்பிக்க ஆசை. எப்படித் தயாராவது?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: பட்டம், 18 முதல் 30 வயது, குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கேற்றதற்கான சான்று, இந்தியும் ஆங்கிலமும் புழங்கும் அளவுக்குப் பழக்கம் என்று கேட்பது அவர்கள் வழக்கம். முதல் சுற்றுத் தேர்வில் தேறினால், தில்லியில் சில நாள் பட்டறையாக இறுதித் தேர்வு. விண்ணப்பிக்கும் வருடத்தின் குறிப்பேட்டை வரிக்கு வரி படியுங்கள்.

இன்றே தொடங்க வேண்டியது சான்றுகளைச் சேர்ப்பது. நடித்த ஒவ்வொரு நாடகத்துக்கும் அழைப்பிதழ், புகைப்படம், இயக்குநரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். மூன்று வருடம் கழித்துத் தேடினால் குழுவே கலைந்திருக்கும். நடிப்புதான் என்றில்லை, மேடை நிர்வாகம், ஒளி, உடை எதில் வேலை பார்த்திருந்தாலும் எழுதி வாங்குங்கள்.

நடித்துக் காட்ட இரண்டு பகுதிகள் தயார் செய்யுங்கள். ஒன்றுக்கொன்று எதிரான குணத்தில் இருக்கட்டும். ஒன்றில் பாத்திரம் ஒருவரிடம் எதையோ கேட்டுப் பெறப் பார்க்கட்டும், இன்னொன்றில் ஒன்றை மறைக்கட்டும். ஒவ்வொன்றும் இரண்டு, மூன்று நிமிடம் போதும். அழுகையில் தொடங்கும் பகுதியை எடுக்காதீர்கள். முதல் வரியிலேயே உச்சத்துக்குப் போய்விட்டால் அதற்கு மேல் போக இடமில்லை, நடுவர் பார்ப்பது ஒரே சுரத்தில் இரண்டு நிமிடம்தான். பிரபல நடிகர் பேசிய வசனமும் வேண்டாம். அவருடைய இழுப்பும் நிறுத்தமும் உங்களை அறியாமல் ஒட்டிக்கொள்ளும்.

இந்தியில் மனப்பாடம் செய்து போவதா, தமிழிலா என்று பலரும் கேட்கிறார்கள். விதி இடம் கொடுத்தால் தமிழில் செய்யுங்கள். பொருள் புரியாத மொழியில் பேசும்போது கண் உள்ளே திரும்பி அடுத்த வார்த்தையைத் தேடும், எதிரே நிற்பதாகக் கருதும் ஆளை மறந்துவிடும். அதே சமயம் நேர்காணலில் உரையாட இந்தி வேண்டும். ஒரு வருடம் தினமும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இறுதிப் பட்டறையில் பெரும்பாலும் கூட்டுப் பயிற்சிகள். ஒரு குச்சியைக் கொடுத்து ஐந்து பேர் சேர்ந்து ஒரு காட்சி அமைக்கச் சொல்வார்கள். அங்கே தனியாக மின்ன நினைப்பவர் தோற்கிறார். பக்கத்தில் இருப்பவர் தொடங்கியதைப் பிடித்து ஒரு படி மேலே கொண்டுபோகிறவரைத்தான் தேடுகிறார்கள்.

கேள்வி: மேடையில் பேசினால் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்கிறார்கள். கத்தினால் மறுநாள் தொண்டை கட்டிக்கொள்கிறது.
– கல்லூரி மாணவி, சேலம்

பதில்: சத்தம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும், மறுப்பும் கடைசியில் வரும். 'அவன் நேற்று ராத்திரி ஊருக்கு வரவில்லை' என்ற வரியில் மூச்சு 'ஊருக்கு' வரையில்தான் தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வரவில்லை' தொண்டைக்குள் விழுந்துவிடும். வந்தானா இல்லையா என்பதே கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. இதைச் சரிசெய்ய, வசனத்தின் கடைசிச் சொல்லை மட்டும் பென்சிலால் அடிக்கோடிட்டு, அந்தச் சொல்லை நோக்கிப் பேசிப் பழகுங்கள். ஒரு தோழியைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, கேட்ட கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டே நாளில் வித்தியாசம் தெரியும்.

மூச்சுக்கு ஒரு பயிற்சி. மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு புத்தகத்தை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது புத்தகம் உயர வேண்டும், தோள் அசையக் கூடாது. பிறகு 'ஸ்ஸ்' என்று ஒரே சீராக விடுங்கள். முதல் வாரம் 15 எண்ணிக்கை, பிறகு 20, 25. கடைசி ஐந்தில் சத்தம் நடுங்கினால் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். படுத்து வந்தது, நின்று வந்து, நடந்துகொண்டே வர வேண்டும். ல, ள, ழ வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் இதே மூச்சில் சொற்களாகச் சொல்லிப் பழகுங்கள்.

தொண்டை கட்டியிருக்கும்போது கிசுகிசுத்துப் பேசினால் அதற்கு ஓய்வு என்று நினைக்கிறார்கள். அழுத்திக் கிசுகிசுப்பதும் குரல்நாண்களுக்கு வேலைதான். பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. மென்தால் மிட்டாய் எரிச்சலை மரக்க வைப்பதால், வலி தெரியாமல் மேலும் கத்திவிடுவோம். ஒத்திகை நாளில் மடக்கு மடக்காகத் தண்ணீர் குடியுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் கட்டாயம் போக வேண்டும்.

கேள்வி: தெருக்கூத்து கற்றுக்கொண்டால் சினிமா நடிப்புக்குப் பயன்படுமா?
– வாசகர், செய்யாறு

பதில்: உடம்புக்கும் குரலுக்கும் அதைவிட நல்ல பயிற்சி சொல்வது கடினம். அடவு பிடித்து, கிறுக்கி என்ற வேகச் சுழற்சி சுற்றி நின்ற மறுகணம் மூச்சு வாங்காமல் பாட்டெடுப்பதும், ஆர்மோனியத்துக்கும் முகவீணைக்கும் மேலே வசனம் எழுப்புவதும் எந்த வகுப்பறையிலும் கிடைக்காது. உங்கள் பக்கத்திலேயே கூத்துக்குப் பெயர்போன புரிசை கிராமம் இருக்கிறது, போய்ப் பாருங்கள். கேமராவுக்கு முன்னால் அந்த அளவை மட்டும் குறைக்க வேண்டும். க்ளோஸ் ஷாட்டில் புருவம் அரை விரற்கடை உயர்ந்தாலே திரையில் ஒரு முழம். கூத்தைக் கற்ற உடம்பு அந்த அடக்கத்தையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

கேள்வி: செல்போனில் பத்து நிமிடக் குறும்படம் எடுத்தோம். ஒலி கேட்க முடியவில்லை, டியூப்லைட் வெளிச்சத்தில் படம் பட்டை பட்டையாக ஓடுகிறது, எடிட்டிங்கில் உதடும் பேச்சும் ஒட்டவில்லை. எங்கே தவறு?
– நண்பர்கள் குழு, திருநெல்வேலி

பதில்: மூன்றுக்கும் தனித்தனிக் காரணம்.

பட்டை ஓடுவதற்குக் காரணம் நம் ஊர் மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஷட்டர், அதாவது ஒவ்வொரு பிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம், 1/60 வினாடியாக இருந்தால் அந்தத் துடிப்போடு பொருந்தாது. வினாடிக்கு 25 பிரேமில் 1/50 ஷட்டர் வையுங்கள், போய்விடும். சில மலிவான எல்.இ.டி. பல்புகள் எதற்கும் அடங்காது. அவற்றை மாற்றிவிடுங்கள். போனின் சொந்தக் கேமராவில் ஷட்டரைப் பூட்ட முடியாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவசச் செயலியில் எடுங்கள். எக்ஸ்போஷர், ஃபோகஸ், வொயிட் பேலன்ஸ் மூன்றையும் ஷாட்டுக்கு முன் பூட்டுங்கள். இல்லாவிட்டால் நடிகர் ஜன்னல் பக்கம் நகரும்போதெல்லாம் முகம் கறுக்கும்.

உதடு ஒட்டாததற்குக் காரணம், வெளிச்சம் குறையும்போது போன் தானாகவே பிரேம் எண்ணிக்கையை மாற்றிக்கொள்வது. எடிட்டிங் மென்பொருள் நிலையான எண்ணிக்கையை எதிர்பார்ப்பதால், போகப் போக விலகல் கூடும். எடுத்து முடித்த கோப்புகளை ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான 25 பிரேமுக்கு மாற்றிவிட்டு எடிட் செய்யுங்கள். பழைய படத்தையும் இப்படிக் காப்பாற்றலாம்.

ஒலிதான் பெரிய விஷயம். மங்கலான படத்தை மன்னிக்கிற பார்வையாளர், புரியாத பேச்சை மன்னிப்பதில்லை. மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் பேச்சு 6 டெசிபல் இறங்கும், அறையின் இரைச்சல் அப்படியே இருக்கும். பத்தடி தள்ளி நிற்கும் போன் எப்படிப் பேச்சைப் பிடிக்கும்? இரண்டாவது போனில் காலர் மைக் செருகி, ஏரோபிளேன் மோடில் போட்டு நடிகரின் பையில் வையுங்கள். மைக் மார்பு நடுவில், தாடைக்கு ஒரு சாண் கீழே. கஞ்சி போட்ட சட்டையும் நைலான் துப்பட்டாவும் உரசும், அன்றைய உடையை ஒலிப்பதிவு பார்ப்பவர் முன்கூட்டியே பார்க்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். உரத்த வசனத்திலும் ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றியே இருக்கட்டும். சிவப்பைத் தொட்டு உடைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாகத் திருப்பித் தராது.

ஒவ்வொரு டேக்கும் தொடங்கும்போது கேமரா முன் கைதட்டுங்கள். தட்டும் பிரேமையும் ஒலியில் எழும் கூர்முனையையும் சேர்த்தால் ஒட்டிவிடும். மின்விசிறியையும் பிரிட்ஜையும் அணையுங்கள். பிரிட்ஜை மறுபடி போட மறந்துவிடுவோம் என்பதற்காக வண்டிச் சாவியை அதற்குள் வைப்பது நல்ல வழக்கம். காட்சி முடிந்ததும் யாரும் அசையாமல், அறையின் வெறும் ஒலியை 30 வினாடி பதியுங்கள். இரண்டு வசனங்களுக்கு நடுவே வெட்டிய இடம் ஓட்டையாகக் கேட்காமல் இருக்க அதைத்தான் நிரப்ப வேண்டும்.

நீங்கள் அனுப்பிய ஷாட் பட்டியலில் இன்னொன்றும் பார்த்தோம். டீக்கடைக் காட்சியில் சஜஷன் ஷாட்டை (ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டுவது) ஒரு பக்கத்திலிருந்தும் எதிர் ஷாட்டை மேசையின் மறுபக்கத்திலிருந்தும் வைத்திருக்கிறீர்கள். பேசும் இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோடான இமேஜினரி லைனைக் கேமரா தாண்டிவிட்டது. இரண்டு பேரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவதாகத் தெரியும். திரும்ப எடுக்க முடிந்தால் ஒரு பக்கத்திலேயே நின்று எடுங்கள். முடியாவிட்டால் நடுவில் டீ கிளாஸின் க்ளோஸ் ஒன்றைச் சேர்த்தால் உறுத்தல் குறையும்.

கேள்வி: கல்லூரி அரங்கில் வாடகைக்கு எட்டு பார் (PAR) மேடை விளக்குகள் கொண்டுவந்தோம். எல்லாவற்றையும் போட்டதும் மின்சாரம் போய்விட்டது.
– நாடக மன்றம், கோயம்புத்தூர்

பதில்: ஒரு விளக்கு 1000 வாட் என்றால், 230 வோல்ட்டில் வகுக்க 4.3 ஆம்பியர். எட்டுக்கும் சேர்த்து 35. மேடையோரத்துப் பெரிய பிளக் தாங்குவது 15 அல்லது 16. ஆக, ஒரு பிளக்கில் மூன்றுக்கு மேல் கூடாது, அதுவும் அதே லைனில் மின்விசிறியும் ஆம்ப்ளிஃபையரும் இல்லாதபோது. பிளக்குகள் தனித்தனியாக இருந்தும் ஒரே சர்க்யூட்டில் போவதுதான் கல்லூரி அரங்குகளில் பொதுவான சிக்கல். கல்லூரி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மும்முனை மின்சாரத்தின் மூன்று பேஸுக்கு மூன்று, மூன்று, இரண்டு விளக்கு என்று பிரிக்கச் சொல்லுங்கள். மின்சுமை கூடினால் தானாக அணையும் சுவிட்சான எம்.சி.பி. விழுகிறது என்று அதைப் பெரியதாக மாற்றவே கூடாது. சுவருக்குள் இருக்கும் கம்பி மாறாமல் எம்.சி.பி. மட்டும் பெரிதானால் கம்பி எரியும். எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைத்து ஓட்டாதீர்கள், முழுவதும் விரித்துப் போடுங்கள். சுருளுக்குள் சூடு தங்கி உறை உருகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் வயரும் மைக் வயரும் சேர்ந்து போனால் ஸ்பீக்கரில் உறுமல் வரும். தள்ளிப் போடுங்கள், குறுக்கே போக வேண்டுமென்றால் நேர்க்குத்தாகக் கடக்கட்டும்.

எட்டு விளக்கு வேண்டுமா என்றும் யோசியுங்கள். முன்பக்கம் இரு புறமும் 45 டிகிரி உயரத்தில் இரண்டு, பின்னாலிருந்து தோளுக்கு ஒன்று. ஒரு சிறிய நடிப்பிடத்துக்கு இவை போதும்.

கேள்வி: உயர்தரத்தில் (இங்கே பிளஸ் டூ போன்றது) நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். இலங்கையிலேயே மேலே படிக்க இடம் உண்டா?
– மாணவி, வவுனியா

பதில்: உண்டு. பாடசாலையிலேயே இதை ஒரு பாடமாகப் படிக்கும் வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது, அதை முழுதாகப் பயன்படுத்துங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் நாடகம் படிக்கலாம். விபுலானந்த நிறுவகத்தில் சேர உளச்சார்புப் பரீட்சையும் (திறனறியும் தேர்வு) உண்டு, எழுத்துப் புள்ளியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். மட்டக்களப்புக்குப் போனால் வடமோடி, தென்மோடி என்ற இரு பாணிக் கூத்துகளையும் ஊர்க் களரியிலேயே பார்க்க முடியும். ஆட்டத்தரு (ஆட்டத்துக்கான பாட்டு) தொடங்கும் இடத்தில் மத்தளம் எப்படி மாறுகிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டு பாருங்கள்.

கேள்வி: பத்திரிகையில் படித்த ஒரு சிறுகதையைக் குறும்படமாக எடுக்கலாமா? யூடியூபில் காசு பார்க்கப் போவதில்லை.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: காசு பார்க்காவிட்டாலும் அனுமதி வேண்டும். எழுதியவர் காலமான பின் 60 ஆண்டுகள் வரை உரிமை அவருடைய வாரிசுகளுக்கு. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய படைப்புகளை யாரும் பயன்படுத்தலாம், பாரதியும் புதுமைப்பித்தனும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மொழிபெயர்ப்புக் கதையானால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்று இரண்டு உரிமை.

உயிரோடு இருக்கும் எழுத்தாளர் என்றால் வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். கதையின் பெயர், வெளிவந்த இதழ், எத்தனை நிமிடக் குறும்படம், எங்கெல்லாம் திரையிடுவீர்கள், எத்தனை ஆண்டு, டைட்டிலில் அவர் பெயர் எப்படி வரும், தொகை எவ்வளவு, முழுநீளப் படமாக்கும் உரிமை அவரிடமே இருக்கிறது என்ற வரி. இருவர் கையெழுத்தும் தேதியும். பெரும்பாலான எழுத்தாளர்கள் மாணவர்களுக்கு மனமுவந்து தருவார்கள், கேட்காமல் எடுத்தால்தான் வருத்தப்படுவார்கள். திரைப்பாட்டைப் பின்னணியில் போடுவதும் இதே கதைதான். வரிக்கு, மெட்டுக்கு, ஒலிப்பதிவுக்கு என்று மூன்று உரிமை. நீங்களே பாடிப் பதிந்தாலும் முதல் இரண்டும் அப்படியே நிற்கும்.

கேள்வி: ஆடிஷனுக்கு முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
– வாசகி, மதுரை

பதில்: கட்டாதீர்கள். நடிகரைத் தேடும் நிறுவனம் நடிகரிடம் பணம் வாங்காது. பதிவுக் கட்டணம், போர்ட்ஃபோலியோ, யூனியன் கார்டு வாங்கித் தருகிறோம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். நேரில் போவதற்கு முன் தயாரிப்பு நிறுவனத்தின் பெயரைக் கேட்டு, அந்த நிறுவனத்தின் அலுவலகத்துக்கே போன் செய்து உறுதிப்படுத்துங்கள். ஹோட்டல் அறையில் ஆடிஷன் என்றால் போக வேண்டாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நல்ல இடங்கள் பெரும்பாலும் முதலில் வீடியோதான் கேட்கின்றன. வெறும் சுவர், போனைப் படுக்கவாட்டில் கண் மட்டத்தில் வைத்து, இடுப்புக்கு மேல் மிட் ஷாட். வெளிச்சம் எதிரே இருக்கட்டும், பின்னால் ஜன்னல் வேண்டாம். எதிர் வசனம் படிப்பவர் லென்ஸுக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும், அவர் குரல் உங்களுடையதைவிடத் தணிந்து கேட்க வேண்டும். கோப்புக்கு உங்கள் பெயரையும் பாத்திரத்தின் பெயரையும் வையுங்கள். நூற்றுக்கணக்கான வீடியோக்களுக்கு நடுவில் 'வீடியோ 1' என்ற கோப்பை யாரும் தேடிப் பிடிக்க மாட்டார்கள்.